சர்க்கரைப் பொங்கலும் ஸ்கேனும்

"சாமி பிரசாதம் எப்பிடி தம்பி சாப்பாட்டுல சேரும்?"

கச்சிராயபாளையம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் இப்படிக் கேட்டதும், மூன்று மாதமாகப் பத்தாம் பக்கத்தைத் தாண்டாத கனத்த நாவலை நன்றியோடு மூடினேன். பக்கத்தில் அவள் புருஷன், முழங்காலுக்குக் கீழே கட்டோடு. நியாயம் கேட்கப்பட்டவர் எதிர்ச்சீட்டில் இருந்த ஊர்க்காரர்.

"ஸ்கேனு நல்லபடியா ஆவணும்னு கோயில்ல பொங்க வெச்சேன். துளியூண்டு இவரு வாயில போட்டேன். சேலத்துல திருப்பி அனுப்பிட்டாங்க."

"வெறும் வயித்துலதான வரச் சொல்லுவாங்க அக்கா?"

"ஊசியில ஏத்துற மருந்தே ஒரு சர்க்கரதான்டா," என்றார் புருஷன். "எலும்புல சீழ் இருக்குற எடத்துல போய் அது சேந்துக்கும். படத்துல பளிச்னு தெரியும். இவ வெல்லத்த ஊட்டி அத கெடுத்துட்டா."

"கரும்பு வெட்டுற ஆளுக்கு சர்க்கரையில ஊசியா மாமா!"

"மறுவாட்டி பட்டினியா கூட்டிகினு போனேன்," என்றாள் அவள்.

ஊர்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "கால எடுக்கணும்னாங்களே?"

"வாணாமாம். கால் ஒடஞ்சப்ப கம்பி வெச்ச எடத்துல மட்டுந்தான் சீழாம். கம்பிய எடுத்துட்டு சுத்தம் பண்ணா போதுமாம்," என்றாள் அவள்.

"ஒரு வருஷமா நான் செருப்பே வாங்கலடா," என்றார் புருஷன். "எத்தினி கால் மிஞ்சும்னு தெரியாம எப்பிடி வாங்குறது?"

அவள் பைக்குள் கைவிட்டுப் புதுச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்தாள். அவர் இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.