புந்தாலும் புரட்டாசியும்

"வீட்டுல அவன் ஒருத்தன்தான் லா புரட்டாசி விரதம் இருக்க மாட்டேங்கிறான்."

தாப்பா போகும் பஸ்ஸில் என் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னார். யாரோ அடங்காத பிள்ளை போலும் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்த பிஸ்கட் தகரத்தில் தண்ணீர் தளும்பியது. மூடியில் ஓட்டைகள் இருந்தன.

"மீனையா சொல்ற மச்சான்?" என்றார் பக்கத்தில் இருந்த நண்பர்.

"ஆமா அந்தோணி, இந்தப் புந்தால் மீனைத்தான். கோபம் வந்தா பந்து மாதிரி உப்பிக்குவான். தொட்டியில இருந்த தங்க மீனையெல்லாம் கடிச்சே தீர்த்துட்டான். நத்தைதான் இவனுக்குச் சோறு. இந்த மாசம் நத்தை வீட்டுக்குள்ள வரக்கூடாதுங்கிறா என் பொஞ்சாதி. அவிச்ச கடலை போட்டா, முறைக்கிறான் லா! ஆத்துல விட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டா. எனக்கு மனசே வரல."

என் பக்கத்தில் இருந்த மகள் இருக்கை இடுக்கு வழியாக அந்த ஓட்டையை நோக்கி விரலை நீட்டினாள். நான் அவசரமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுல புரட்டாசி கிடையாதே. மாசம் முடியிற வரைக்கும் அங்க இருக்கட்டும்" என்றார் அந்தோணி.

"நெசமாவா? நத்தை போடுவியா?"

"போடுவேன். ஆனா வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல இறைச்சி ஆகாது, மீன் ஆகும். நத்தை இறைச்சியா, மீனா?"



"உங்க சர்ச் ஃபாதரைக் கேளேன்."

"என் மீனுக்கு வெள்ளிக்கிழமை என்ன சமைக்கன்னா? கோயில்ல சிரிப்பாங்க மச்சான்!"

"அப்ப வியாழக்கிழமையே வயிறு முட்டப் போட்டுரு."

தகரம் அந்தோணியின் மடிக்கு மாறியது.