நெருப்பின் முன் பேச வேண்டியவள்

குளிர்காலத்தில் எங்கள் படகுப் பட்டறையில் பெயின்ற் வாசம் அதிகம், ஆட்கள் குறைவு. எனக்கு அது பிடிக்கும்.

வைலே நகருக்குக் கிழக்கே, குடாவின் கரையில் இருக்கிறது பட்டறை. கோடை வீட்டுக்காரர்கள் செப்டெம்பரில் படகுகளை எங்களிடம் விட்டுவிட்டு நகரங்களுக்குத் திரும்பிவிடுவார்கள். ஏப்ரலில்தான் வருவார்கள். இடையில் நானும் யேசுரட்ணம் அங்கிளும் மட்டும். அவர் படகுகளின் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பார். இயந்திரம், பம்ப், உயிர்காப்பு அங்கிகள் என் பொறுப்பு. நான் இரசாயனவியல் படித்தவள். ஆய்வுகூட வேலை வேண்டுமென்றால் நேர்முகத் தேர்வில் பேச வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை.

இங்கரை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபது தாண்டியவர். நல்லவர், அதை நான் எங்கும் மறுக்க மாட்டேன். சுஜாந்தினி என்ற என் பெயரை முழுதாகச் சொல்லப் பழகிய வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். என் கூச்சத்தை மாற்றிவிடுவதென்று முடிவெடுத்திருந்தார். கோடை முழுவதும் கோப்பியோடு வருவார், ஏதாவது கேட்பார், நான் பதில் சொல்லி முடிக்கும்வரை சிரித்தபடி காத்திருப்பார். அந்தக் காத்திருப்புத்தான் கடினம்.

“பிள்ளை, உன்ர ரீச்சர் வாறா. வீட்டுப்பாடம் செய்திட்டியோ?” என்பார் அங்கிள், படகுக்குக் கீழே கிடந்தபடி.

“சும்மா இருங்கோ அங்கிள்.”

“இல்லாட்டி ஓடி ஒளி. நான் காணேல்லை எண்டு சொல்லுறன்.”

மே மாதத்தில் இங்கர் ஓர் அறிவித்தலோடு வந்தார். ஜூன் இருபத்துமூன்றில், சங்க்ட் ஹான்ஸ் மாலையில், இங்கே கடற்கரைகளில் பெருநெருப்பு மூட்டுவார்கள். நெருப்பின் முன் நின்று ஒருவர் உரையாற்றுவது வழக்கம். எங்கள் கரையில் அது யார் என்பதைக் கோடை வீட்டுக்காரர் சங்கம் தீர்மானிக்கும். அறிவித்தலில் என் படம் இருந்தது.

“எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்,” என்றார் டெனிஷில். “முந்நூறு பேர் வருவார்கள். ஒரே மாலையில் முந்நூறு நண்பர்கள்.”

“நன்றி” என்றேன்.

அறிவித்தலைக் கடை வாசலிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் ஒட்டினார்கள். அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். “பிரெடெரிசியாவில இருந்து கோயில் ஆக்கள் வான் பிடிச்சு வருகினம்,” என்றார் அங்கிள். “நான் முன்வரிசை, சொல்லிப்போட்டன்.”

அடுத்த வாரம், இங்கரின் படகை நீரில் இறக்குவதற்கு முன் சோதித்தேன். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் குழாயில் ஒரு வெடிப்பு. சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு அவரிடம் போக வேண்டும். போனால் உரையைப் பற்றிக் கேட்பார். சொல்லவில்லை. இதுவரை உங்களுக்கு என்னைப் புரியும் என்று நினைக்கிறேன்.

படகுக்குள் தண்ணீர் புகுந்தால் பம்ப் தானாக இயங்கி அதை வெளியேற்றிவிடும். ஆகவே அதன் வயரைக் கழற்றினேன்.

பிறகு உயிர்காப்பு அங்கி. நீரில் விழுந்ததும் உள்ளே இருக்கும் சிறிய வாயுக் குப்பி திறந்து அதை ஊதிவிடும். பூட்டிய பிறகு, நிறைந்த குப்பிக்கும் தீர்ந்த குப்பிக்கும் பார்வையில் வேறுபாடில்லை. எடைதான் வேறு. தராசில் வைத்து, தீர்ந்ததுதான் என்று உறுதி செய்த பின்னரே மாற்றிப் பூட்டினேன். பட்டறையின் கவனக்குறைவு என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அது எனக்கு வருத்தம்.

ஜூன் தொடக்கத்தில் குடாவின் நீர் இன்னும் குளிராகவே இருக்கும். அந்த வயதில் அதிக நேரம் தாங்காது. இங்கர் வழக்கம்போலக் காலையில் தனியாகப் புறப்பட்டார். அங்கியின் பட்டியை நன்றாக இறுக்கியிருந்தார். கையசைத்தார். நானும் அசைத்தேன்.

மறுநாள் கண்டெடுத்தார்கள்.

நெருப்பை நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். நிறுத்தவில்லை. இங்கரைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். பேசினேன். பலர் அழுதார்கள். “ரீச்சர் இருந்து கேட்டிருக்கோணும் பிள்ளை,” என்று அங்கிளும் அழுதார். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. அவரை இனி இங்கே விசாரணைக்கு அழைக்காதீர்கள்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள்: உரையாற்ற முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. நினைக்காமல் இல்லை. கண்ணாடி முன் நின்று பல தடவை சொல்லியும் பார்த்தேன். ஆனால், முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் அவருடைய மனம் நொந்துவிடும்.