மீன் வாடை அடித்த முட்டைகள்

என் பெயர் பிலிப்பா லார்ட்டர். வயது நாற்பத்தொன்பது. நார்ஃபோக் மாவட்டம் லிட்டில் ஹார்க்கம் கிராமத்தில் சேப்பல் சந்தில் குடியிருக்கிறேன். ஊருக்கு வெளியே உள்ள பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் விஞ்ஞானியாக இருக்கிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது.

கடல்பாசியின் மரபணுக்களைக் கேமலைனா என்ற கடுகு இனத்துச் செடிக்குள் வைத்து, மீனில் கிடைக்கும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை அதன் விதையிலேயே விளைவிப்பது என் வேலை. பன்னிரண்டு வருடமாக வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு விதைகூட வெளியே போகக் கூடாது என்பது அரசு அனுமதியின் முதல் நிபந்தனை. ஆகவே காய் பிடித்ததும் வயல் முழுக்கப் பறவை வலை கட்டுவோம், அறுவடை முடிந்ததும் வலையை எரித்துவிடுவோம்.

போன வருடம் அறுவடைக்கு மறுநாள், எரிப்பதற்காகக் கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த வலையில் பெரிய துண்டு ஒன்று வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. காய்கள் சிக்கியிருந்த துண்டு. எங்கள் வயலை எதிர்த்து வாசலில் அட்டை பிடித்து நிற்கும் ரோவீனா கூச் அன்று வேலிப் பக்கம் நின்றதைப் பார்த்திருந்தேன். அவர் பெயரைப் போலீசில் சொன்னது நான்தான். அவர் வண்டியில் கத்தி இருந்தது, வழக்குப் பதிவானது. முன்பு வேலி ஏறிய குற்றத்துக்கு, மறுபடி தப்பு செய்தால் சிறை என்று நிறுத்திவைத்த தண்டனை ஒன்று அவருக்கு இருக்கிறது. நாளை செவ்வாய்க்கிழமை குற்றவாளி என்று தீர்ப்பானால் அவர் சிறைக்குப் போவார்.

நேற்று ஞாயிறு காலை, எங்கள் வயல் மேஸ்திரி கிளைவ் மாப்ஸ் வீட்டு வாசலில் முட்டை விற்பனைக்கு வைத்திருக்கும் பெட்டியில் காசு போட்டுவிட்டு ஆறு முட்டை எடுத்து வந்தேன். இரண்டை வேகவைத்து உடைத்ததும் மீன் வாடை அடித்தது. அழுகின முட்டையின் வாடை வேறு. இது எங்கள் ஆய்வகத்தில் எண்ணெய்ப் புட்டியை மூடாமல் வைத்தால் வருகிற வாடை. அதன் பிறகு மீதி நாலையும் எடுத்துக்கொண்டு கிளைவ் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டோரீன் கொல்லையில் இருந்தார்.

"கோழிக்கு மீன் ஏதாவது போடறீங்களா டோரீன்?" என்று கேட்டேன்.

"நீங்களுமா? பாதிரியார் வீட்டுலேயும் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கோதுமைதான் போடறேன் டாக்டரம்மா. அப்புறம் கூண்டு ஓரத்துல மண்டிக் கிடக்கற களையைப் பிடுங்கிப் போடறேன். அடிச்சுப் பிடிச்சுத் தின்னுதுங்க."

அவர் களை என்றது என் கேமலைனா. இடுப்பளவு வளர்ந்து காய் முற்றி நின்றது. பருந்துக்குப் பயந்து கூண்டின் மேல் போட்டிருந்தது எங்கள் வலை. அதில் சிக்கியிருந்த காய்கள் வெடித்து விதை கீழே உதிர்ந்து முளைத்திருக்கிறது. வலையில் கட்டியிருந்த பண்ணையின் ஆரஞ்சு அடையாள அட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. கிளைவுக்கு முதுகுவலி, குளிர்காலத்திலிருந்தே கூண்டுப் பக்கம் போகாதவர். என் குரல் கேட்டு டீயோடு வந்தார், செடியைப் பார்த்தார், கோப்பையைத் தரையில் வைத்தார்.

"நல்ல வலை. எரிக்க மனசு வரலை" என்றார்.

ரோவீனா விஷயம் தெரியாதா என்று கேட்டேன்.

"அவ ஏற்கெனவே வேலி ஏறினவதானே. ஒரு துண்டு வலைக்கு மிஞ்சிப்போனா அபராதம் போடுவாங்கன்னு நினைச்சேன். அப்புறம் வாயைத் திறக்கப் பயமாப் போச்சு."

அதன் பிறகு அவர் தீப்பெட்டி எடுத்து வந்தார். "டாக்டரம்மா, இது வெளியே தெரிஞ்சா அனுமதியைப் பிடுங்கிடுவாங்க. உங்க வயல் போச்சு, என் வேலையும் போச்சு. எல்லாத்தையும் சேர்த்துக் கொளுத்திடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

ரோவீனாவை எனக்குப் பிடிக்காது. தபால் நிலைய வரிசையில் ஊரே பார்க்க என்னை விஷக்காரி என்று கூப்பிட்டவர். எரிப்பதுதான் விதிப்படியும் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளைவ் குச்சியை உரசிவிட்டார்.

டோரீன்தான் பேசினார். "செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகும்போது, நீங்க ரெண்டு பேரும் எங்கே பார்ப்பீங்க?"

அதன் பிறகு குச்சியை நான் ஊதி அணைத்தேன். வலைத்துண்டையும் அட்டையையும் கழற்றிக் காரில் வைத்தேன். செடியைத் தொட வேண்டாம், முட்டை விற்க வேண்டாம் என்று இருவரிடமும் சொன்னேன்.

நேராக ஆய்வகத்துக்குப் போய் ஒரு முட்டையின் மஞ்சள் கருவைச் சோதித்தேன். வலைத்துண்டு, அட்டை, சோதனைத் தாள், மீதி மூன்று முட்டைகள் ஆகியவற்றை இத்துடன் ஒப்படைக்கிறேன். ரோவீனா கூச் அந்த வலையை எடுக்கவில்லை.

வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். இந்த வருடப் பயிர் வயலில் காய் பிடித்து நிற்கிறது. அதை உழுது அழிக்க உத்தரவு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த மஞ்சள் கருவில் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மீன் கொழுப்பு இருந்தது. செடியில் விளைந்தது ஓர் உயிரின் உடலுக்குள் சேருகிறது என்று பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். வழக்குக்கு இது தேவையில்லை என்றார் அதிகாரி. எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் கலக்கவில்லை. பொய்யென்று தெரிந்தால் என்மேல் வழக்குத் தொடரலாம் என்பதை அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பிலிப்பா லார்ட்டர்