மூலைக்கு மூலை ஒரு நூல்

— மறுபடியும் முட்டை போட்டிருக்கு பாரு, தொரை.

— நீ வட்டந்தான மாப்ள போடச் சொன்ன?

— வட்டந்தான். கம்ப்யூட்டர்ல வட்டமா இருக்கு. இந்த சிஎன்சி மிஷினு பலகையில வெட்டுனா முட்டையா வருது. கையில வாங்கிப் பாரு.

— ஆத்தாடி. இது கோழிமுட்டை கூட இல்ல, வாத்து முட்டை. போன ஞாயித்துக்கிழமை நான் பாக்கும்போது தட்டு கணக்கா வட்டமா வெட்டுச்சே. நீ கூட கை தட்டுனியே.

— தட்டுனேன். இப்ப கோணிக்கிருச்சு. என்ன செய்யச் சொல்ற.

— டேப்பப் பிடி. நீ மிஷினு மேசையோட அந்த மூலைக்குப் போ. சொல்லு, எம்புட்டு?

— ரெண்டாயிரத்து எழுநூத்தி இருவத்தஞ்சு.

— இப்ப மாறி நில்லு. அந்தக் கடைசி மூலையில இருந்து இங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தாத்தான் மேசை கோணலன்னு அர்த்தம்.

— இருவத்தெட்டு. மூணு மில்லி கூட இருக்கு.

— மூணு மில்லின்னா ஒரு நூலு. அஞ்சு ஞாயித்துக்கிழமையா இதே ஒரு நூலு, மாப்ள. நான் வந்து மூலைக்கு மூலை சரி பண்ணிட்டுப் போறேன். மறு ஞாயிறு மல்லாங்கிணத்துல இருந்து பஸ்ஸு பிடிச்சு வந்தா திரும்பக் கோணிக்கிட்டு நிக்கிது. நாப்பது வருசம் வெல்டிங் பட்டறை வச்சிருந்தவன் நான். வெள்ளத்துரை அடிச்ச கேட்டு ஆனை முட்டுனாலும் கோணாதும்பாக. உன் மேசை என்னைய சந்தி சிரிக்க வைக்கிது.

— உன் வெல்டு சுருங்கியிருக்கும்.

— சுருங்குனா வச்ச அன்னைக்கே சுருங்கும். நாலு மாசம் கழிச்சா சுருங்கும்?

— அப்ப தரைதான். கரிசல் மண்ணு. புதன்கிழமை அருப்புக்கோட்டை பூரா மழை. மழை பேஞ்சா தூக்குது, வெயிலடிச்சா விரியுது. வீட்டுச் செவத்தப் பாரு, பல்லி போயிட்டு வார அளவுக்கு விரிசல்.

— அது தெரிஞ்சுதான நாலு காலுக்கும் கீழ கான்கிரீட் போட்டோம். அந்த ரசமட்டத்த எடு. மேசை மேல வை. குமிழி எங்க நிக்கிது?

— நடுவுல.

— நாலு பக்கமும் வச்சுப் பாரு.

— நாலு பக்கமும் நடுவுலதான்.

— அப்ப தரை அசையல. வாயில்லாத மண்ணு மேல பழியப் போடாத.

— சரி விடு. சாப்பிட்டுட்டுப் பாப்போம். கறி வெந்திருக்கும். உன் தூக்குவாளியக் கொண்டாந்தியா?

— கழுவிக் கொண்டாந்துருக்கேன். நீ ஊத்திவிடுற குழம்ப செவ்வாய்க்கிழமை வரைக்கும் சுட வச்சுச் சுட வச்சுத் திங்கிறேன் பாத்துக்க. அது இருக்கட்டும், அந்தக் காரியாபட்டி சரஸ்வதியம்மா என்ன சொல்றாக?

— காலையில போன் பண்ணாக. ஆவணியில பால் காய்ச்சுறாகளாம். பூஜை ரூம் கதவு வந்துருமான்னு கேட்டாக. கதவு பூரா தாமரை கேட்டிருக்காக. இப்ப வெட்டுனா அம்புட்டும் கத்திரிக்காயாத்தான் வரும்.

— அவுக வேற ஆளத் தேடிப் போயிட்டா?

— போகட்டும்.

— போகட்டுமா? செல்லுல வீடியோவாப் பாத்து, கோயமுத்தூர்ல இருந்து மோட்டாரு, அது ஓடுற ரயிலு கம்பி, சுத்தி வெட்டுற ஸ்பிண்டிலுன்னு ஒண்ணொண்ணா வரவழைச்சு, என்னையும் தூங்க விடாம இந்த மேசையக் கட்டுன. மொத நாள் மோட்டாரு தானா ஓடி ஒரு கோடு கிழிச்சப்ப உனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. நான் பாத்தேன். அப்பேர்ப்பட்டவன் இப்ப போகட்டுங்குற.

— அன்னைக்குத் தூசி பட்டுருச்சு.

— ம், தூசி. சரி, நானும் ஒண்ணு சொல்லணும். ஓசூர்ல இருந்து என் மகன் காளீஸ்வரன் பேசுனான். அம்மா இங்க பேத்தியப் பாக்க வந்து ரெண்டு வருசமாச்சு, நீங்க மட்டும் அங்க யாருக்குக் காவல் இருக்கீகன்னு கேக்குறான். சங்கரபாண்டியன் மிஷினு முடியட்டும், முடிஞ்சதும் வாரேன்னு நானும் நாளத் தள்ளிக்கிட்டே வந்தேன். பயலுக்குப் பொறுமை போச்சு. இன்னைக்கு மூலை ஒண்ணாச்சுன்னா செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுறேன்னு சொல்லிட்டேன்.

— போயிட்டு எப்ப வருவ?

— வீட்ட வாடகைக்கு விட்டுட்டு வரச் சொல்றான், மாப்ள.

— அப்ப வரமாட்ட.

— எதுக்கு வரப்போறேன்.

— அங்க போயி என்ன செய்வ?

— அது பதினோராவது மாடி. போன தடவை இருபது நாள் இருந்து பாத்துட்டேன். பால்காரன் கூட பாக்கெட்டக் கதவுல மாட்டிட்டுப் போயிருவான், மூஞ்சி தெரியாது. வீட்டுக்காரிக்குப் பேத்தி பின்னால ஓடவே பொழுது சரியாப் போயிரும். அங்க நான் யாரப் பாத்து ஏலேன்னு கூப்பிட?

— நான் போயி அடுப்பப் பாத்துட்டு வாரேன்.

— அடுப்பு எங்கயும் போகாது. இங்க வா. குனிஞ்சு இந்த போல்ட்டப் பாரு.

— அதுல என்ன?

— வாசல் மூணடிதான், நாளைக்கு மேசைய வெளிய எடுக்கணும்னா பிரிக்கணுமேன்னு மூலையில வெல்டு வைக்காம போல்ட்டு போட்டோம்ல. போன வாரம் போல்ட்டு மேலயும் இரும்பு மேலயும் சேத்து மஞ்சப் பெயிண்டுல ஒரு கோடு இழுத்து வச்சேன்.

— நாலு மூலைக்குமா?

— மூணுக்கு. அதோட பெயிண்டு தீந்துபோச்சு. மத்த ரெண்டுலயும் கோடு நேரா இருக்கு. இங்க மட்டும் கோடு பிரிஞ்சு நிக்கிது. போல்ட்டு கால் சுத்து திரும்பியிருக்கு. கரிசல் மண்ணுக்கு எப்பலேர்ந்து மாப்ள ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சுச்சு?

— அது வந்து, ஓட்டத்துல அதிர்ந்து லூசாயிருக்கும்.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— நான்தான், தொரை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா ஒரு கால் சுத்து.

— அஞ்சு வாரமாவா?

— அஞ்சு வாரமா.

— எதுக்கு?

— முத்துப்பேச்சி தாலியோட போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. ஆறு நாளைக்குக் கடையில பொட்டலம் வாங்கித் திங்கிறேன். தின்னு முடிச்சா இலையத் தூக்கி எறியணும், அம்புட்டுதான். ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் இந்த வீட்டுல ரெண்டு தட்டு கழுவுறேன். மிஷினு முடிஞ்சிருச்சுன்னா நீ எதுக்கு இங்க வரப்போற? சும்மா வந்துட்டுப் போடான்னு கூப்பிட எனக்கு வாய் வரல. நம்ம ஆம்பளைகளுக்கு ஒரு வேலை இருந்தாத்தான ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் போவோம். அதான் வேலை வச்சேன்.

— கிறுக்குப்பய.

— கிறுக்குத்தான். அந்த ஸ்பேனரக் குடு, நானே முறுக்குறேன். சரஸ்வதியம்மாவுக்குச் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு. நீயும் பிள்ளைகிட்டச் சொல்லிட்ட. எனக்காக ஒருத்தன் இந்தக் காட்டுல கெடந்து காய வேணாம். பேத்தியப் போயிப் பாரு. அந்தச் சட்டத்த உன் பக்கம் இழுத்துப் பிடி.

— பிடிச்சிருக்கேன்.

— கோடு சேந்துருச்சா?

— இன்னும் கொஞ்சம். ம், சேந்துருச்சு.

— போதும். டேப்ப வை. இந்தப் பக்கம் இருவத்தாறு. அந்தப் பக்கம் என்ன?

— இருவத்தேழு.

— சரியாப் பாரு.

— கண்ணாடி போட்டுத்தான் பாக்குறேன். இருவத்தேழு.

— இன்னும் ஒரு மில்லி நிக்கிதே. அது எப்பிடி? நான் தொட்டது இந்த ஒரு போல்ட்டுதான், தொரை. முத்துப்பேச்சி மேல சத்தியமா வேற எதையும் நான் தொடல.

— தெரியும் மாப்ள.

— தெரியுமா? பெறகு எப்பிடிக் கோணுது?

— எதுத்த மூலைக்குப் போயி பெயிண்டு இல்லாத அந்த போல்ட்ட முறுக்கு. வாரம் தவறாம நீ என் தூக்குவாளியில குழம்பு ஊத்த உள்ள போவேல்ல, அப்ப அத லூசு பண்ணிட்டுப் போறது நான்தான்.