தகப்பன் பேர் என்ன?

ஹலோ… ஹலோ, லோமா அப்பா? நான்தாங்க, பிந்திலே… ஆமா, ஆமா, இன்னும் ம்பாபனேலதான். அட்டை குடுக்கற ஆபீஸ் வாசல்ல நிக்கறேன்… முதல்ல உங்க பக்கத்துல ஓடற அந்த இன்ஜினை அணைக்கச் சொல்லுங்க, ஒரு எழவும் கேக்கல… ம், இப்பக் கேக்குது.

அடையாள அட்டையா? அட்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல… இல்லைங்கறேன்ல! மன்சினியிலயே பொறந்து வளந்த நம்ம பொண்ணு, எஸ்வாத்தினி நாட்டுக்காரி இல்லையாம்… "அம்மா இந்த நாட்டுக்காரியா இருந்து பிரயோஜனம் இல்ல, அப்பா இந்த நாட்டுக்காரரா இருக்கணும்"ங்கறான் கவுண்டர்ல இருக்கற ஆளு… ஏம்ப்பா, பெத்தது நானா அவரான்னு கேட்டேன்… அட, நிஜமாத்தாங்க கேட்டேன்! சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.

போன வருஷம் நாணல் திருவிழாவுல, ஊர்ப் பொண்ணுங்களோட நாணல் வெட்டித் தோள்ல சுமந்துக்கிட்டு, ராஜமாதா மாளிகை வரைக்கும் ஆடிக்கிட்டே போனாளே, அப்ப எவனாவது கேட்டானா, உங்கப்பன் எந்த நாடுன்னு?… ம்… ம்… அதான்.

உங்க குடியுரிமை மனுவா? அதையும் கேட்டேன். ஃபைலைக் காணோமாம்… ஆமா, மறுபடியும்… பத்து வயசுல போருக்குப் பயந்து ஓடிவந்தவரு, இங்கயே தலை நரைச்சுப்போச்சு, இன்னும் மொசாம்பிக்காரர்தானான்னேன். ஊர்த் தலைவர் கடுதாசி கொண்டா, பாக்கலாங்கறான்… எந்தத் தலைவரா? நம்ம தலைவருதான். ஊரோட சேத்துக்கச் சொல்லி நாம குடுத்த மாடு மட்டும் நேரா அவர் பட்டிக்குள்ள போயிடுச்சு. கடுதாசிக்குத்தான் நம்ம வீட்டுக்கு வழி தெரியல… த்தூ!

இருங்க, நான் இன்னும் முடிக்கல… சொல்றேன், சொல்றேன்… நம்ம கல்யாணப் பத்திரத்தை எடுத்து வெச்சேன். பாத்தான். பாத்துட்டு என் பக்கமே தள்ளிட்டான். "இதை நீங்க காட்டல, நான் பாக்கல"ங்கறான்… கேளுங்களேன்! கல்யாணம் ஆகாமப் பொறந்து, எம்புள்ளன்னு எவனும் வந்து நிக்கலைன்னா, அந்தப் புள்ள அம்மா வழியில இந்த நாட்டுக் குடியாம். சட்டமாம்… புரியலையா உங்களுக்கு? "அப்பா யாருன்னு தெரியாதுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடுங்கம்மா, இன்னைக்கே பதிஞ்சுடறேன்"… பல்லைக் குத்திக்கிட்டே சொல்றான் அந்த ஆளு!

ஹலோ?… இருக்கீங்களா?

என்ன?… என்ன சொன்னீங்க?… போடறதா? நானா?… வெக்கமா இல்ல உங்களுக்கு? ஊரைக் கூட்டி, மாதாகோயில்ல மோதிரம் மாத்திக்கிட்டவ நான். எவன்கிட்டப் பெத்தேன்னே தெரியலைன்னு எழுதிக் குடுக்கணுமா?… வெறும் காகிதம்தானா? உங்களுக்கு அது வெறும் காகிதமா?… ஆமா… ஆமா… தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள அட்டை இல்லைன்னா அரசாங்க உதவித்தொகை போயிடும். லோமாவோட நர்ஸ் படிப்பும் போயிடும்… தெரியுங்க, எனக்குத் தெரியாதா?

அவளா? உள்ள பெஞ்சுல உக்காந்திருக்கா… ஒண்ணும் இல்ல… ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல… சரி, சொல்லித்தான் ஆகணும். அந்த ஆள்கிட்ட நான் கத்திக்கிட்டு நிக்கறேன், இவ குறுக்க வந்து, "எனக்கு அப்பா இல்ல, எழுதிக்குங்க"ன்னுட்டா.

…அறைஞ்சுட்டேன்… ஆமா, எல்லார் முன்னாலயும்… இல்ல, அவ அழல. என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. நான்தான் வெளிய ஓடி வந்துட்டேன்… திட்டுங்க. நல்லாத் திட்டுங்க… அவ சொன்னது சரியா? நீங்களே சொல்றீங்களா இதை?

…ம்… ம்… சரி… சரிங்கறேன்ல. நீங்க சொல்றீங்கன்னுதான் போடறேன். ஆனா வெச்சுடாதீங்க. நான் போட்டு முடிக்கற வரைக்கும் லைன்லயே இருங்க. தனியா என்னால முடியாது… இதோ, உள்ள போறேன்.

வந்துட்டேன் சார்… கையெழுத்துதானே, குடுங்க… வாயாலயும் சொல்லணுமா? எதுக்கு சார்?… ம்… பேரு பிந்திலே மாகாகுலா… பொண்ணுதான், இதோ உக்காந்திருக்கா… தகப்பன் பேரா?…

தெரியாது… சத்தமாவா? தெரியாது சார்! யாருன்னே தெரியாது! போதுமா? அந்தப் பின்னால நிக்கறவங்களுக்கும் கேட்டுச்சா?… இந்தாங்க, போட்டாச்சு.

ஹலோ… கேட்டீங்களா?… ஏதாவது பேசுங்களேன்… அவகிட்டயா? இருங்க, குடுக்கறேன். லோமா, இந்தா, உங்க அப்…

இல்ல சார், யாரும் இல்ல, ஊர்ல ஒருத்தர்… லோமா, புடி. அவரு… அவரு பேசணுங்கறாரு…

என்னடி?… வெச்சுட்டாரா?