எல்லை தாண்டிய வக்கீல்

"பாண்டியில இருக்கிற வக்கீலுங்கள ஒருத்தர் விடாம பாத்து, என் கேஸ எடுக்காதீங்கன்னு சொல்லி வெச்சிட்டான்க்கா."

பாண்டியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்தவள் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள். அவள் மடியில் ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு, உன் வூட்டுக்காரனா?"

"அவன்தான். சுனாமி முடிஞ்ச கையோட புள்ளையத் தூக்கிக்கிட்டு பாண்டிக்குக் குடி போயிட்டான். அது வேற ஸ்டேட்டு, நம்ம திண்டிவனத்து வக்கீல் அங்க வந்து பேச முடியாதுன்னு நெனப்பு."

"அப்ப பேசலாமா?"

"தமிழ்நாட்டுக்கும் பாண்டிக்கும் பார் கவுன்சில் ஒண்ணுதானாம். நம்ம வக்கீல் கோட்டு மாட்டிக்கிட்டு எழுந்து நின்னாரு. அவன் மூஞ்சியப் பாக்கணுமே!"

"ஜட்ஜு என்ன சொன்னாரு?"

"கேஸ் முடியற வரைக்கும் புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு."

கீழ்புத்துப்பட்டு எல்லையில் பஸ் நின்றது. பிராந்தி பாட்டில் தேடி ஏறிய போலீஸ்காரர் அவள் பையைத் தட்டிப் பார்த்தார்.

"பாண்டியிலேர்ந்து என்னம்மா கொண்டு போற?"

"எம் பொண்ணத்தாங்க" என்றாள்.