பன்னிரண்டாவது டேக்

என் வீட்டில் பழம் உலர்த்தும் பெட்டி ஒன்று இருப்பதைப் பார்த்து உங்கள் கான்ஸ்டபிள் ரொம்பவே யோசித்தார், சார். எதையோ அதில் எரித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். பாவம், மோந்துகூடப் பார்த்தார். அது டேப்புக்கு. ஐம்பது வருடத்துப் பழைய டேப்பில் பசை இளகியிருக்கும். அப்படியே ஓட்டினால் பாட்டு உரிந்து கையோடு வந்துவிடும். அதனால் இளஞ்சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து, நன்றாக ஆறவிட்டு, அப்புறம்தான் ஓட்டுவேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை.

அந்த ராக் குழுவை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நான்கு பேர், தோள் வரைக்கும் முடி. அவர்கள் பாட்டெல்லாம் பதிவான ஸ்டுடியோவில் நான் டேப் ஆபரேட்டர். எனக்கு இருபத்திரண்டு வயது, பாடகருக்கு இருபத்தைந்து. நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை ரப்பர் என்பார்.

பெயர் வந்த கதை சின்னது. படகைப் பற்றி ஒரு பாட்டு. பதினொரு டேக் எடுத்தும் ஒன்றில்கூடக் குரல் கடைசி எட்டு வரியை எட்டவில்லை. ஒன்றில் அண்ணா வரி மறந்து நிற்க, வாத்தியம் மட்டும் கடைசிவரை ஓடியது, ஒன்றில் யாரோ சிரித்தார்கள். பன்னிரண்டாவதில் எல்லாம் கூடி வந்தது. அந்த எட்டு வரியைக் கேட்டு எங்கள் இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எதற்கும் இன்னொன்று எடுத்து வைப்போம் என்றார்கள். நான் டேப்பைப் பின்னால் ஓட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே ஓட்டிவிட்டேன். பன்னிரண்டின் மேல் பதின்மூன்று ஏறிவிட்டது. பதின்மூன்றில் கிட்டார் கம்பி அறுந்தது.

அண்ணா திட்டவில்லை. "டேய் ரப்பர், போய் டீ சொல்லுடா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பாட்டை அவர் மறுபடி ஸ்டுடியோவில் பாடவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பேட்டியிலும், "அந்தப் பாட்டா? எங்க ரப்பர் அழிச்சுட்டான்" என்பார். என் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து, "பொண்ணோட அப்பா, மாப்பிள்ளை கையில எதையும் குடுத்துடாதீங்க, அழிச்சுடுவான்" என்றார். முதலில் சிரித்தது என் மனைவி. நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான், சார். நாற்பத்தெட்டு வருடம் தாங்கியது.

போன வருடம், அந்தக் குழுவின் வெளிவராத பதிவுகளைச் சுத்தம் செய்து வெளியிடப்போகிறோம் என்று ஒரு கம்பெனி என்னிடம் வந்தது. அந்த டேப்புகளை என்னைவிட அறிந்தவன் உயிரோடு இல்லை. அறுபத்து மூன்று சுருள். இருமலை எடுத்தேன், நாற்காலி கிரீச்சிட்டதை எடுத்தேன், யாரோ தீக்குச்சி உரசியதை எடுத்தேன். எல்லாம் புதிதுபோல ஆயிற்று. படகுப் பாட்டு மட்டும் நொண்டியாக நின்றது. பதினொரு டேக்கையும் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். பாடாத வரியை எங்கிருந்து ஒட்டுவது? அதை விட்டுவிடுங்கள் என்றது கம்பெனி.

எப்படி விடுவது? அதற்குள் என் வலது காது போயிருந்தது. இடது காதுக்கு டாக்டர் ஒரு வருடம் கொடுத்திருந்தார். அந்த எட்டு வரி இந்தக் காதில் விழவேண்டுமென்றால் அதற்குள் விழவேண்டும்.

அண்ணா வீட்டுக்குப் போனேன். வயது எழுபத்து மூன்று. நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் உறுமிக்கொண்டு ஆக்சிஜன் மெஷின்.

"என்னடா ரப்பர், அழிக்கறதுக்கு இன்னும் என்ன பாக்கி?"

"எட்டு வரி அண்ணா. நீங்க பாடினா பாட்டு முழுசாயிடும்."

"கட்டில்லேர்ந்து பாத்ரூம் போறதே எனக்கு வெளியூர் பயணம். பாட்டாம் பாட்டு."

சமையலறையிலிருந்து அவர் மகள் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூட டீச்சர். சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "மாமா, அவரை உசுப்பேத்திட்டு நீங்க போயிடுவீங்க. அப்புறம் நான்தான் அல்லாடணும்."

ஆனால் அண்ணா அதற்குள் நல்ல சட்டை எங்கே என்று கேட்டுவிட்டார்.

என் ஸ்டுடியோ இரண்டு அறை. நடுவில் கண்ணாடி. பாடும் அறைக் கதவின் மேல் வெளிப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் கதவை யாரும் திறக்கக்கூடாது, வீடே பற்றி எரிந்தாலும். ஸ்டுடியோக்களில் தவழ்ந்து வளர்ந்த பெண் அவள், சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே பெஞ்சில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தாள். "மெஷின் இல்லாம அஞ்சு நிமிஷம்தான் மாமா. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

"சரிம்மா" என்றேன்.

மெஷின் உறுமுவது மைக்கில் விழும். பாடும்போது நிறுத்துவது, பாடி முடித்ததும் போடுவது என்று பேச்சு. அந்த அறையின் பிளக்குக்கு ஸ்விட்ச் என் பக்கம் இருந்தது. கரண்ட் நின்றால் மெஷினில் எச்சரிக்கை மணி அலறும். அதன் வயரை முன்னாலேயே கழற்றி வைத்திருந்தேன். பாட்டு நடுவே அலறினால் காரியம் கெட்டுவிடும் இல்லையா? இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மூன்று முறை ஒழுங்காகத்தான் செய்தோம். முதல் தடவை வெறும் காற்று. இரண்டாவதில் பாதிக் குரல். மூன்றாவதில், ஐந்தாம் வரியில், அது வந்தது, சார். இருபத்தைந்து வயதுக் குரல். உடனே இருமல் வந்து அடித்துக்கொண்டு போயிற்று. மெஷினைப் போட்டேன். அவர் உதடு ஊதாவாக இருந்தது. "நாளைக்கு வெச்சுக்கலாம்டா" என்றார்.

நாளைக்கு அந்தக் குரல் வரும் என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்? "ஒரே ஒரு தடவை அண்ணா, சூடு ஆறறதுக்குள்ள" என்றேன். கட்டைவிரலை உயர்த்தினார். அவர் சம்மதித்தார் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவதில் ஆறாம் வரியில் நின்றார். அப்போது மெஷினைப் போட்டிருக்க வேண்டும். போட்டால் சாய்வார், சாய்ந்தால் குரல் இறங்கிவிடும். அதனால் போடவில்லை. "முதல் வரிலேர்ந்து அண்ணா" என்றேன். ஆரம்பித்தார். மறுபடி ஆறில் நின்றார். மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். ஒருமுறை மெஷினைத் திரும்பிப் பார்த்தார். அதன் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பாடிக்கொண்டே இருங்கள் என்று நான் கையைச் சுழற்றிக் காட்டினேன். வெளியே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பதினோரு நிமிடம். நடுநடுவே மெஷின் ஓடுகிறது என்று நம்பி அந்த நேரத்தில் நான்கு விடைத்தாள் திருத்தினேன் என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

கடைசியில் எட்டு வரியும் வந்தது. எப்படி வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பாடி முடித்துத் தலையை மார்பில் சாய்த்தார். நான் உடனே எழுந்து போகவில்லை. கடைசிச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் டேப்பை நிறுத்த வேண்டும், அது தொழில் பழக்கம். பன்னிரண்டு விநாடி. பிறகு மெஷினைப் போட்டேன். உள்ளே போய் மணி வயரை மாட்டினேன். அதன் பிறகு சிவப்பு விளக்கை அணைத்து அவளைக் கூப்பிட்டேன்.

இந்த நுரையீரல் இவ்வளவு நாள் ஓடியதே அதிகம் என்றார் டாக்டர். யாருக்கும் சந்தேகமில்லை. "கடைசியா அவருக்குப் பிடிச்சதைச் செய்ய வெச்சீங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான்கு மாதம் உட்கார்ந்து பழைய இசையின் மேல் புதுக் குரலை ஏற்றினேன். சுருள் டப்பாவின் மேல் பன்னிரண்டு என்று எழுதினேன். முதல் பிரதியை அவளுக்கு அனுப்பினேன். அதுதான் தப்பு. வேறு யாராயிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவளுக்கு அது தாலாட்டு, தினமும் அப்பா பாட, அவள் கேட்டுத் தூங்கிய பாட்டு.

அடுத்த நாள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, 'கரை வந்தது'ன்னு பாட்டு முடிஞ்சுடும். இதுல அப்புறமா 'போதும்'னு ஒரு வார்த்தை வருதே?"

"அப்பாவா சேர்த்துக்கிட்டார்மா. நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." கைப்பை ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "எட்டு வரியும் மைக்குக்கு நேரா பாடறார். இது மட்டும் முகத்தைத் திருப்பிட்டுச் சொன்ன மாதிரி தள்ளிக் கேக்குது. யாரைப் பாத்து மாமா சொன்னார்?"

டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

அவர் நிறுத்தச் சொன்னாரா என்று முதல் நாளே கேட்டீர்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சொன்னார், மூன்று தடவை. ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று, எட்டாவதில் ஒன்று. இரண்டையும் வெட்டிய பிறகுதான் அன்று பதிவான டேப்பை உங்களிடம் கொடுத்தேன். வெட்டிய இடம் எந்தக் காதுக்கும் தெரியாது. மூன்றாவதையும் வெட்டத்தான் பிளேடை எடுத்தேன். ஆனால் டிரம்மின் கடைசி அடியும் அந்த வார்த்தையும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்ந்து விழுந்திருந்தன. அண்ணா இருந்திருந்தால் அதை அழிக்க விட்டிருக்கவே மாட்டார், சார்.